மூணு பெல்ட் மாத்தியும் கீச்சுச் சத்தம் போகலையா?

கேட்டவர் பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் இருக்கும் ஒரு தம்பி. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அவர் எழுதியதன் சுருக்கம் இது. வண்டி 2012 பெரோடுவா மைவி, 1.3 லிட்டர் இன்ஜின். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் பத்து விநாடி "கீ...ச்" என்று அலறுகிறது. மழை பெய்த மறுநாள் இன்னும் மோசம். அது அடங்கிய பிறகும் டிராபிக் லைட்டில் நிற்கும்போது "கிச், கிச், கிச்" என்று மெலிதாக ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஏர்கோன் போட்டாலும் அதே சத்தம், அணைத்தாலும் அதே சத்தம். ஒரு வருஷத்துக்குள் மூன்று பெல்ட் மாற்றியாயிற்று. ஒவ்வொரு முறையும் இரண்டு வாரம் அமைதி, பிறகு பழைய கதை. இப்போது ஏர்கோன் கம்பிரசரை மாற்றச் சொல்கிறார்களாம். "போன வருஷம் ஆல்டர்னேட்டர் வேற போச்சு, பழைய வண்டியைப் பிரிச்சு விக்கிற ஹாஃப்கட் கடையில ஒண்ணு எடுத்து மாட்டினோம், இன்னும் எவ்வளவுதான் கொட்டறது?" என்று முடித்திருந்தார்.

தம்பி, கம்பிரசரில் இப்போதைக்குக் கை வைக்க விடாதீர்கள். கடைசியில் அலுத்துக்கொண்டே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

பிறையில் இருபத்தேழு வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். "பெல்ட் கத்துது பாஸ், பெல்ட்டை மாத்திடுங்க" என்று சொல்லிக்கொண்டே வண்டியை விட்டு இறங்குகிறவர்கள்தான் அதிகம். பிள்ளை வீறிட்டு அழுதால் சட்டையைத் தூக்கி எறும்பு இருக்கிறதா என்று பார்ப்போமா, பிள்ளையை மாற்றுவோமா? கத்துவது பெல்ட்தான். கடிப்பது அநேகமாக பெல்ட் ஓடும் சக்கரங்களில், அதாவது புல்லிகளில், ஏதாவது ஒன்றாக இருக்கும், அல்லது ஒரு பேரிங், அல்லது எங்கிருந்தோ ஒழுகும் எண்ணெய்.

உங்கள் வண்டியில் இன்ஜினோடு சேர்ந்து கிரேங்க் புல்லி சுற்ற, பெல்ட் வழியாக பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும், இன்ஜினைக் குளிரவைக்கும் வாட்டர் பம்பும், ஏர்கோன் கம்பிரசரும் சுற்றுகின்றன. ஸ்டீயரிங்குக்குத் தனி மின் மோட்டார் இருப்பதால் பவர் ஸ்டீயரிங் பம்ப் கணக்கில் வராது. ஹைட்ராலிக் ஸ்டீயரிங் உள்ள பழைய வீரா மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது மட்டும் கத்தினால் அந்தப் பம்பின் பெல்ட்டிலிருந்து தொடங்கலாம். டைமிங் பெல்ட்டை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது உள்ளே மூடி போட்டு இருப்பது, மைவியில் அதற்குப் பதில் சங்கிலிதான் ஓடுகிறது.

நீங்கள் எழுதியிருப்பது ஒரு சத்தம் இல்லை, இரண்டு. பட்டறையில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்ததால்தான் மூன்று பெல்ட் போயிருக்கிறது.

காலையில் வரும் நீண்ட அலறல் பெல்ட் வழுக்குவது. கூடத்தைத் துடைத்துவிட்டு ரப்பர் செருப்போடு நடந்தால் ஒரு சத்தம் வருமே, அதே கதைதான்: பிடித்து, வழுக்கி, மறுபடி பிடித்து, ஒரு விநாடிக்குள் எத்தனையோ தடவை நடக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இது கூடும். டிராபிக் லைட்டில் வரும் "கிச் கிச்" பல்லி கத்துவது போல விட்டு விட்டு வரும், இன்ஜின் வேகத்துக்குத் தாளம் போடும், வேகம் ஏறினால் பெரும்பாலும் காதுக்குக் கேட்காமல் போய்விடும். அது பெல்ட் நேராக ஓடவில்லை என்பதற்கு அடையாளம். புல்லியின் பள்ளத்துக்குள் கோணலாக நுழையும் ஒவ்வொரு முறையும் ரப்பர் வரி பக்கவாட்டில் உரசுகிறது.

முதலில் அலறலைப் பார்ப்போம். ஏன் காலையில் மட்டும்? ஸ்டார்ட்டர் மோட்டார் பேட்டரியிலிருந்து ஒரு பெரிய வாய் மின்சாரத்தை உறிஞ்சிவிடுகிறது. இன்ஜின் பிடித்ததும் ஆல்டர்னேட்டர் அதைத் திருப்பி நிரப்பப் பார்க்கிறது, அந்த நேரத்தில் அதைச் சுற்றுவது கனம். பெல்ட் தொய்வாக இருந்தாலோ வரிகள் தேய்ந்திருந்தாலோ அங்கேதான் வழுக்கும். பேட்டரி நிரம்ப நிரம்பச் சுமை குறைகிறது, சத்தமும் அடங்குகிறது. இதில் பலருக்குத் தோன்றாத ஒன்று இருக்கிறது. சாகப்போகிற பேட்டரியும் பெல்ட்டைக் கத்த வைக்கும். அது காலையில் பாதி காலியாகக் கிடந்தால் ஆல்டர்னேட்டர் அவ்வளவு கூடுதலாக உழைக்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் நல்லது. 12.2, 12.1 என்று காட்டினால் பெல்ட்டை விட்டுவிட்டு பேட்டரியைப் பேசுவோம். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் ஒட்டி வர வேண்டும்.

ஜெலுத்தோங் என்று எழுதியிருக்கிறீர்கள், கடல் பக்கம். ஷிஃப்ட் இல்லாத நாட்களில் வண்டி இரண்டு மூன்று நாள் அசையாமல் நிற்கும் அல்லவா? உப்புக்காற்றும் மழையும் சேர்ந்தால் இரும்புப் புல்லியின் பள்ளங்களில் மெல்லிய துரு பூத்துவிடும். ஸ்டார்ட் பண்ணியதும் பெல்ட் அந்தத் துருவைத் தேய்த்து எடுக்கும், அந்த நேரம் கத்தும். இது இயல்பு, பயப்பட வேண்டாம். ஆனால் அதே துரு வாரக்கணக்கில் பூத்துப் பூத்துத் தேய்ந்தால் பள்ளம் அரம் மாதிரி ஆகி, புது பெல்ட்டையும் தின்றுவிடும். தீவிலிருந்து வரும் வண்டிகளில் இதைக் கூடுதலாகப் பார்க்கிறேன், குறிப்பாக தஞ்சோங் தோக்கோங் பக்கம் திறந்த வெளியில் நிற்கும் வண்டிகளில்.

இனி சோதனைக்கு வருவோம். எல்லாச் சோதனையிலும் மலிவானது, மின்விசிறி துடைக்கும்போது கையில் வைத்திருப்பீர்களே, அந்தத் தண்ணீர் தெளிக்கும் பாட்டில்தான். வெறும் தண்ணீர் போதும். வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஐடிலில் ஓடி "கிச் கிச்" கேட்டுக்கொண்டிருக்கும்போது, பெல்ட்டின் வரி வரியான உட்புறத்தில் ஓரிரு தடவை மெலிதாகத் தெளியுங்கள். ஆல்டர்னேட்டர் உடம்பில் அடிக்காதீர்கள். தெளித்ததும் சத்தம் சட்டென்று நின்று, சில விநாடியில் தண்ணீர் காய்ந்ததும் திரும்பி வந்தால் புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை. தெளித்ததும் சத்தம் அதிகமாகிக் கத்தினால் இறுக்கம் போதவில்லை. இரண்டிலும் சேராமல், தண்ணீருக்கு அசையவே இல்லை என்றால் அது பெல்ட் சத்தமே இல்லை, பேரிங் சத்தமாக இருக்கலாம்.

பாட்டிலைப் பிடிப்பதற்கு முன் ஒன்று. கழுத்தில் தொழிற்சாலை அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருக்கும், அதைக் கழற்றி வண்டிக்குள் போடுங்கள். துண்டு, நீளச் சங்கிலி எதுவும் கிட்டே வரக்கூடாது. ரேடியேட்டர் காற்றாடி உங்களைக் கேட்டுவிட்டுச் சுற்றாது, சூடானால் தானாகக் கிளம்பும். கையை உள்ளே விடுவதானால் இன்ஜினை அணைத்துச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் விட வேண்டும். இதில் சலுகை கிடையாது.

நான் பந்தயம் கட்டுவது என்றால், உங்கள் வண்டியில் தண்ணீர் பட்டதும் "கிச் கிச்" நிற்கும், பிறகு திரும்பும் என்றுதான் கட்டுவேன். காரணம் அந்த ஹாஃப்கட் ஆல்டர்னேட்டர். பழைய ஆல்டர்னேட்டர் தப்பான பொருள் என்று சொல்ல வரவில்லை, நானே எத்தனையோ மாட்டியிருக்கிறேன். ஆனால் வேறு வண்டியிலிருந்து கழற்றியதில் புல்லியின் ஆழம் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் மாறியிருக்கும். அல்லது பழையதில் இருந்த ஒரு வாஷரைத் தரையில் தவறவிட்டுவிட்டு மாட்டியிருப்பார்கள். பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும், போல்ட் சரியாக உட்காரும், மின்சாரமும் வரும். இந்த வரி போட்ட பெல்ட் மட்டும் மன்னிக்காது. இரண்டு புல்லிக்கு இடையே 30 சென்டிமீட்டர் தூரம் என்றால் ஒன்றரை மில்லிமீட்டர் விலகலுக்கு மேல் அது தாங்காது. பழைய காலத்து ஒற்றை வி பெல்ட் இதைவிடக் கொஞ்சம் பொறுமைசாலி. அதனால்தான் அந்தக் காலத்து ஆட்கள் கண்ணளவில் மாட்டியும் தப்பித்தார்கள்.

ஒவ்வொரு புது பெல்ட்டும் இரண்டு வாரம் அமைதியாக இருந்ததற்கும் இதே விளக்கம்தான். புது ரப்பரின் வரிகள் கூர்மையாக, மிருதுவாக இருக்கும், கோணலை அனுசரித்துக்கொண்டு ஓடும். ஒரு பக்கம் தேய்ந்து வழவழப்பானதும் கத்தத் தொடங்கும். கழற்றிய பெல்ட்டைத் தூக்கிப் போட்டிருக்காவிட்டால் எடுத்துப் பாருங்கள். ஒரு ஓரத்தில் மட்டும் புடவைக் கரை பிரிந்த மாதிரி நூல் தொங்கினால், அல்லது ஆல்டர்னேட்டருக்குப் பக்கத்தில் ஒரு பக்கம் மட்டும் கறுப்புத் தூள் படிந்திருந்தால், வேறு சாட்சி வேண்டாம்.

இதைவிட எளிய தப்பும் உண்டு, சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். அவசரத்தில் மாட்டும்போது பெல்ட் ஒரு புல்லியில் ஒரு பள்ளம் தள்ளி உட்கார்ந்துவிடும். நான்கு வரி பெல்ட்டில் மூன்று வரி உள்ளே, ஒன்று காற்றில். மேலிருந்து பார்த்தால் தெரியாது. டார்ச் அடித்து, கீழே இருக்கும் புல்லிக்குக் கண்ணாடி பிடித்துப் பார்க்க வேண்டும். என் பட்டறையிலேயே ஒரு பையன் இப்படி மாட்டி, வண்டி பட்டர்வொர்த் போய்ச் சேர்வதற்குள் திரும்பி வந்திருக்கிறது.

நேர்கோட்டைப் பார்க்க லேசர் கருவி விற்கிறார்கள். உங்களுக்கு அது வேண்டாம். இன்ஜின் அணைந்திருக்கும்போது, வளையாத ஒரு நீள உலோக அளவுகோலைப் பக்கத்துப் புல்லியின் முகத்தில் படிய வைத்து ஆல்டர்னேட்டர் புல்லி வரை நீட்டுங்கள். புல்லிகளின் விளிம்பு ஒரே தடிமனாக இருக்காது, ஆகவே விளிம்பை நம்பாமல் முதல் பள்ளம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். அதுவும் கைகூடவில்லை என்றால் பெல்ட் புல்லிக்குள் நுழையும் இடத்தில் கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள். நேராக நுழைகிறதா, தோள் சாய்ந்து நுழைகிறதா என்பது இரண்டாவது முறை பார்க்கும்போது தெரிந்துவிடும்.

எல்லாக் கோணலும் ஆல்டர்னேட்டரால்தான் வரும் என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வராது, ஒரு தடவை சூடுபட்டவன். பல வருஷத்துக்கு முன் எனக்கே ஒரு பழைய வேன் இருந்தது. ஐடிலில் இதே பல்லிச் சத்தம். பெல்ட் மாற்றினேன், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் மாற்றினேன், ஆல்டர்னேட்டர் பேரிங் போட்டேன். போர்மனின் வண்டியே கத்துகிறது என்று எதிர்க்கடை கோப்பிக்காரர் தினமும் கேலி. கடைசியில் ஒரு நாள் மகளின் பள்ளிப் பையிலிருந்து எழுத்துப் பிழை அழிக்கும் வெள்ளை மையை எடுத்து, கிரேங்க் புல்லியின் நடுக் குடத்திலிருந்து வெளி வளையம் வரை ஒரே கோடாகப் போட்டேன். அந்தப் புல்லி ஒரே துண்டு இல்லை. நடுக் குடம் வேறு, வெளி வளையம் வேறு, இரண்டுக்கும் நடுவே அதிர்வைத் தாங்க ஒரு ரப்பர் வளையம் ஒட்டியிருக்கும். மறுநாள் புக்கிட் மெர்தாஜம் போய்த் திரும்பி, பானட்டைத் திறந்து பார்க்கிறேன்: கோடு இரண்டாகி, வெளிப்பாதி ஒரு விரற்கடை தள்ளி நிற்கிறது. ரப்பர் விட்டுப்போய் வெளி வளையம் தனியாக வழுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் மற்ற எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். உங்கள் வண்டி பன்னிரண்டு வயதைத் தாண்டியது, இந்தக் கோட்டையும் போட்டு வையுங்கள். செலவு இல்லை.

கம்பிரசரை ஏன் தள்ளி வைத்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். ஏர்கோன் அணைந்திருந்தாலும் கம்பிரசரின் புல்லி சும்மா சுற்றிக்கொண்டேதான் இருக்கும். போட்டால் மட்டுமே கிளட்ச் ஒட்டி உள்ளே இருக்கும் இயந்திரம் சுற்றும். உள்ளே கோளாறு என்றால் ஏர்கோன் போட்டதும் சத்தம் மாற வேண்டும். உங்களுக்கு மாறவில்லை. புல்லி பேரிங் போயிருந்தால் எப்போதும் சத்தம் வரும், உண்மைதான், ஆனால் அது "குர்ர்ர்" என்று அம்மியில் மணல் அரைப்பது போல வரும், பல்லி மாதிரி கத்தாது. அப்படியே பேரிங் போயிருந்தாலும் பல வண்டிகளில் பேரிங்கை மட்டும் மாற்றலாம், முழுக் கம்பிரசர் எதற்கு?

சந்தேகம் தீரவில்லை என்றால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓடவிட்டுக் கேட்கலாம். சத்தம் போய்விட்டால் குற்றவாளி இந்தப் புல்லிக் கூட்டத்துக்குள் இருக்கிறார், போகவில்லை என்றால் இன்ஜினுக்குள். உங்கள் வண்டியில் வாட்டர் பம்பும் இதே பெல்ட்டில் சுற்றுவதால், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, அரை நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். பேட்டரி விளக்கு எரியும், அது எரியத்தான் வேண்டும். அணைத்த பிறகு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். நல்ல பேரிங் சத்தமில்லாமல் வழுவழுப்பாகச் சுற்றும், கெட்டது விரல் நுனியில் மணல் மாதிரி நெருடும். முன்னும் பின்னும் ஆட்டியும் பாருங்கள். வாட்டர் பம்ப் புல்லி ஆடினால், அல்லது அதன் கீழே வெள்ளையாகவோ பச்சையாகவோ கூலண்ட் காய்ந்த கறை இருந்தால், மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள். கூலண்ட் பெல்ட்டில் தெறித்தாலும் இதே அலறல் வரும். மேலிருந்து வால்வ் கவர் காஸ்கெட் ஒழுகும் எண்ணெயும் அப்படித்தான். எண்ணெய் ஊறிய பெல்ட்டைத் துடைத்துப் பயனில்லை, ஒழுகலை அடைத்துவிட்டு மாற்ற வேண்டும்.

ஸ்ப்ரே விஷயம். பெல்ட் சத்தத்துக்கென்றே டப்பாவில் விற்கும் பிசுபிசுப்பை அடித்தால் சத்தம் நிற்கும். ஒரு வாரம் கழித்து அதில் தூசு ஒட்டி முன்னைவிட மோசமாகும். துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை அடிப்பவர்களுக்கு என்ன சொல்வது, வழுக்குகிறது என்று சொல்லிக்கொண்டே எண்ணெய் விடுகிறார்கள். ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு பெரியவர் தேங்காய் எண்ணெய் தடவிக் கொண்டுவந்தார். வண்டி கத்தவில்லை, பேட்டரிதான் சார்ஜ் ஏறவில்லை, பெல்ட் சத்தமே போடாமல் நழுவிக்கொண்டிருந்தது. "வாசனையா இருக்கு ஐயா" என்றேன், அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இறுக்கம் பற்றி. உங்கள் வண்டியில் ஆல்டர்னேட்டர் போல்ட்டைத் தளர்த்தித்தான் இறுக்குகிறார்கள் என்றால், மனிதக் கை அளவு தவற எல்லா வாய்ப்பும் உண்டு. இரண்டு புல்லிகளுக்கு நடுவே நீளமான பகுதியின் மையத்தில் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால், ஏறத்தாழ பத்து கிலோ பாரத்துக்கு, ஒரு சென்டிமீட்டர் அளவு இறங்குவது பொதுக் கணக்கு. உங்கள் வண்டியின் சரியான அளவு கையேட்டில் இருக்கும். சத்தம் நிற்கட்டும் என்று கிட்டார் கம்பி மாதிரி முறுக்கிவிடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. சத்தம் நிற்கும், ஆறே மாதத்தில் ஆல்டர்னேட்டர் பேரிங்கோ வாட்டர் பம்ப் பேரிங்கோ போய்விடும். உங்கள் பழைய ஆல்டர்னேட்டர் ஏன் போயிற்று என்று யாராவது பார்த்தார்களா? புது பெல்ட் போட்ட சில நாளில் கொஞ்சம் நீளும், அதனால் ஒரு தடவை திரும்பக் கொண்டுபோய் இறுக்கம் பார்க்கச் சொல்ல வேண்டும். மூன்று தடவையில் ஒரு தடவையாவது கூப்பிட்டார்களா என்பது சந்தேகம்தான்.

பெல்ட் வாங்கும்போது முதுகில் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள். 4பிகே 900 என்றிருந்தால் நான்கு வரி, 900 மில்லிமீட்டர் நீளம். கடையில் அளவு இல்லையென்று பக்கத்து அளவைக் கொடுத்தால் வாங்காதீர்கள். வெடிப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு "பெல்ட் நல்லா இருக்கு" என்பதும் பழைய பாடம். அது முந்தைய நியோப்ரீன் ரப்பருக்கு. இப்போது வரும் ஈபிடிஎம் ரப்பர் சீக்கிரத்தில் வெடிக்காது, டயர் மாதிரி தேயும். வரிகளுக்கு இடையே உள்ள பள்ளம் புதிதில் "வி" போல இருக்கும், தேய்ந்தால் "யு" போல அகன்றுவிடும். அப்போது புல்லியின் மேடு பள்ளத்தின் அடியில் போய் முட்டி நிற்கும், பக்கங்களைப் பிடிக்காது. வெடிப்பே இல்லாத பெல்ட் வழுக்குவது இப்படித்தான்.

சத்தம்தானே, ரேடியோவைக் கூட்டிக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடல் மேல். என் வாடிக்கையாளர் ஒருவருக்கு நட்ட நடுவில் பெல்ட் அறுந்தது. பேட்டரி விளக்கு எரிந்ததைப் பார்த்தவர், பேட்டரிதானே, இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டிக்கொண்டே வந்தார். வாட்டர் பம்ப் நின்றுவிட்டது அவருக்குத் தெரியவில்லை. பிறை பக்கம் இறங்கும்போது பானட் இடுக்கிலிருந்து ஆவி. ஹெட் காஸ்கெட் போய், ஹெட்டை இழைக்க அனுப்பி, வண்டி பத்து நாள் என் வாசலில் நின்றது.

வரும் ஓய்வு நாளில் இப்படிச் செய்யுங்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணுமுன் பேட்டரி வோல்ட் பாருங்கள். பிறகு கிரேங்க் புல்லியில் வெள்ளைக் கோடு போட்டுவிட்டு ஓட்டுங்கள். இன்ஜின் சூடானதும் தண்ணீர் பாட்டில். தண்ணீருக்குச் சத்தம் நின்று திரும்பினால், வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய், "பெல்ட் மாத்துங்க" என்று சொல்லாமல், "ஆல்டர்னேட்டர் புல்லியும் கிரேங்க் புல்லியும் ஒரே கோட்டுல இருக்கான்னு எனக்கு முன்னாடி வச்சுக் காட்டுங்க அண்ணே" என்று கேளுங்கள். பழைய ஆல்டர்னேட்டர் இன்னும் அவர்களிடம் கிடந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து, போல்ட் மாட்டும் பின்பக்கக் காதிலிருந்து புல்லியின் முதல் பள்ளம் வரை அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் இருந்தால் பழைய புல்லியைக் கழற்றி இதில் மாட்டலாம், அல்லது சரியான தடிமனில் ஒரு வாஷர் போடலாம். அதன் பிறகுதான் நான்காவது பெல்ட். வெள்ளைக் கோடு விலகியிருந்தால் மட்டும் இதையெல்லாம் விட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.